ஸ்கேல் ஃபிகர்: அளவாள்

கட்டடத்தின் உயர அகலம் பார்ப்பவருக்குப் பிடிபட வேண்டும் என்று படத்துக்குள் ஒருவரை நிற்க வைப்பார்கள். அவர்தான் 'ஸ்கேல் ஃபிகர்'. வரைபடத்தில் வாசலோரம் கோட்டுருவமாக நிற்பவருக்கும் இதே பெயர். இவரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் 'ஸ்காலா' என்றால் ஏணி. ஏணிப்படி போலச் சம இடைவெளியில் கோடு போட்ட கோலுக்கும் அந்தப் பெயர் வந்தது. 'ஃபிகர்' என்றால் உருவம். நமக்கோ ஸ்கேல் என்றால் பள்ளிப்பையில் இருக்கும் அடிக்கோல். ஃபிகர், பெண்களை மரியாதையில்லாமல் சுட்டும் தெருப்பேச்சு. 'அளவுகோல் உருவம்' என்று நேராகப் பெயர்த்தாலும் அங்கே நிற்பது ஒரு மனிதர் என்பது மறைந்துபோகிறது.

அது முன்பே மறைந்திருக்கிறது. 1849 முதல் 1851 வரை எகிப்துப் பயணத்தில் படமெடுத்த பிரெஞ்சு எழுத்தாளர் மாக்சிம் து கான், தன் படகுக்காரர் ஹாஜி இஸ்மாயிலைப் பழஞ்சின்னங்களின் மேல் நிறுத்தினார். அசைந்தால் கேமராவின் பித்தளைக் குழாய் பீரங்கிபோலச் சுட்டுவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரம் பாறைமேல் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். நான் ஒன்றைத் தனியாக எடுத்தேன். படத்தில் அது மண்டபம் மாதிரி தெரிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "கல்லுப் பக்கத்துல கொஞ்சம் நிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன். "நானு எதுக்கு சாமி?" என்றவர், சொன்னதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். மூடுகல் அவர் நெஞ்சளவுதான். பலகைக்கல்லில் குடைந்த இடுதுளை இடுப்புக்குக் கீழே. அப்போதுதான் கல்திட்டையைப் பல ஊர்களில் 'குள்ளர் வீடு' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கியது. பெயரிலேயே ஓர் ஆளை உள்ளே நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள்!

ஆளை வைத்து அளப்பது நமக்குப் புதிதில்லை. கிணற்றை 'ரெண்டாள் ஆழம்' என்போம். மாலையும் சிலையும் ஆளுயரம். சரி, 'ஆளளவு' என்றே வைத்துக்கொள்ளலாமே என்றால், அது அளவைச் சொல்லுமே தவிர நிற்பவரைச் சொல்லாது. வேலையாள், காவலாள் போல 'அளவாள்' என்பதே பொருத்தம். அளவு காட்டும் ஆள். பன்மையில் அளவாட்கள்.

அப்புறம் ஒன்று: அளவாள் கட்டடத்தை ஒட்டியே நிற்க வேண்டும். நாலடி முன்னால் வந்துவிட்டால் கட்டடம் சிறுத்துத் தெரியும். அந்த அம்மாவையும் கல்லை ஒட்டி நிற்கச் சொல்லி இன்னொரு முறை எடுத்தேன்.