எண்பது வயதில் ஒரு மாத்திரை எத்தனை நாள் தங்கும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரியவர்கள் முதியோர் இல்லத்தில் தங்குவது இப்போது புதிதல்ல. அங்கே மாத்திரை எடுத்துக் கொடுப்பது பணியாளர் பொறுப்பு. வேளை தவறாமல் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் விழுங்கிய பிறகு நடப்பதுதான் பெரிய விஷயம்.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் டயசெபாமையே பாருங்கள். அது கொழுப்பில் கரையும் மருந்து. வயது ஏற ஏற உடம்பில் நீர் குறைந்து, கொழுப்பின் பங்கு கூடும். மருந்து அந்தக் கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும். மெதுவாகத்தான் வெளியே வரும். இருபது வயதுக்காரர் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையச் சுமார் 20 மணி நேரம் ஆகும். எண்பது வயதில் 80, 90 மணி நேரம்கூட ஆகலாம். இரவுக்கு ஒன்று என்று கொடுத்தால் நேற்றையது, முந்தாநாளையது எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். காலையில் ஆச்சி தள்ளாடினால் "வயசாச்சுல்ல" என்று சொல்லிவிடுவோம். நிலைப்படி தடுக்கி இடுப்பெலும்பு முறிந்தாலும் மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை.

சிறுநீரகம் வேறு மாதிரி ஏமாற்றும். அதன் வடிகட்டும் திறன் நாற்பதுக்கு மேல் பெரும்பாலோருக்குக் குறைந்துகொண்டே வரும். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 'நார்மல்' என்றே வரலாம். அது தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. தசை வற்றிய உடம்பில் உற்பத்தியே குறைவு. அதனால் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

இது சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைடில் உயிர் விஷயம். சிறுநீரகம் மந்தமானால் அந்த மருந்து வெளியேறாமல் நின்று வேலை செய்துகொண்டே இருக்கும். ஏகாதசி, சஷ்டி என்று சாப்பிடாமல் இருக்கும் நாளில் வழக்கம்போல அதைக் கொடுத்தால் சர்க்கரை சரேலென இறங்கும். பிரஷருக்கு அடினோலால் வகை மாத்திரையும் போடுகிறவர் என்றால், சர்க்கரை இறங்குவதைக் காட்டும் நடுக்கமும் படபடப்பும் சரியாகத் தெரியாது. வேர்வை மட்டும் காட்டிக்கொடுக்கலாம். செட்டிநாட்டு வெயிலில் வேர்வையை யார் கவனிப்பார்கள்?

வயதானவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் குழு 1991-இல் வெளியிட்டது. முதலில் அது முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்காகவே போடப்பட்டது. இன்றைய பட்டியலில் டயசெபாம், கிளிபென்கிளமைடு இரண்டுமே உண்டு.

சரி, இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் டயசெபாம் எடுத்தவருக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரைக் கேட்டு, அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.