ராத்திரி அங்கே யார் இருப்பாங்க?

பொங்கல் லீவு முடிந்து கிளினிக் திறக்கும் நாளில் முதல் கேஸ் பெரும்பாலும் இருமல்தான். இந்த வருஷம் ஒரு பீகிள் நாய். தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர், "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு டாக்டர், கக்குறான், எதுவும் வரமாட்டேங்குது" என்றார். வாயைத் திறந்து பார்த்தேன், எலும்பு இல்லை. மூச்சுக்குழாய் மேல் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினேன். வாத்து கத்துகிற மாதிரி வறட்டு இருமல், கடைசியில் கொஞ்சம் வெள்ளை நுரை.

"ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமா டாக்டர், நாலு நாள் போர்டிங்ல விட்டிருந்தோம்."

கென்னல் காஃப், நாய்க்கு நாய் பரவும் இருமல். போர்டிங் என்பது ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகும் விடுதி. பல நாய்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் சுலபமாகத் தொற்றும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். குட்டிக்கும் வயதான நாய்க்கும்தான் நிமோனியா பயம். தடுப்பூசி போட்டிருந்தார், விடுவதற்கு முந்தின நாள்! புத்தகத்தில் சீல் இருந்தால் போதும் என்று அங்கே சொன்னார்களாம். சீல் உடனே விழும், எதிர்ப்புசக்தி உடனே வராது. டிக்கெட் போடும் அன்றே தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக ஊசி முடிந்திருக்க வேண்டும். நாலு மாதம்கூட ஆகாத குட்டியை எங்கேயும் விடாதீர்கள். குட்டிகளுக்கு ரத்தப்பேதி வரவைக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். ஃபினாயில் வாசனை தூக்கலாக வருகிறதே என்று நம்பிவிட வேண்டாம், பார்வோவுக்கு ப்ளீச்தான் வேண்டும்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் ஏசி உண்டா, நீச்சல் குளம் உண்டா, தினம் போட்டோ வருமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை அங்கே யார் இருப்பாங்க? "கேமரா இருக்கு சார்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

ஷெப்பர்ட், கிரேட் டேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய ஜாதிகளுக்கு இரைப்பை காற்றடைத்து உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்வது உண்டு. நாய் ஓங்கரிக்கும், எதுவும் வராது. வயிறு மத்தளம் போல இறுகும். சில மணி நேரத்தில் ஆபரேஷன் நடக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம். சில வருஷம் முன்னால் ஒரு ஷெப்பர்டைக் காலை ஏழு மணிக்குக் கொண்டுவந்தார்கள். ஈறு வெளுத்து, நிற்க முடியாமல். பார்த்துக்கொள்ளும் பையன் ஒன்பது மணிக்கே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். அது எழுந்து எழுந்து உட்கார்ந்தது, ஓங்கரித்தது எல்லாம் 1.20லிருந்து கேமராவில் பதிவாகியிருந்தது. வளர்த்தவர் விமானத்தில், போன் ஸ்விட்ச் ஆஃப். ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அதனால்தான் இப்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்: அவசரத்தில் முடிவெடுக்க உள்ளூரில் யார், எவ்வளவு வரை செலவு செய்யலாம், எந்த டாக்டர்.

எல்லாத் தப்பையும் போர்டிங்காரர் தலையில் கட்டமாட்டேன். ஃபிட்ஸுக்கு ஃபீனோபார்பிடோன் சாப்பிடும் நாய் ஒன்று. மாத்திரை பையின் அடியில், டவலுக்குக் கீழே கிடந்தது. யாரிடமும் யாரும் சொல்லவில்லை. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் முன்னைவிடப் பலமாக வரலாம்; வந்தது. மருந்தைக் கையில் கொடுங்கள், எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

சாப்பாடும் அப்படித்தான். தயிர்சாதமும் சிக்கன் ஈரலுமாக வளர்ந்த பிள்ளைக்கு அங்கே போனதும் பெல்லட், அதாவது பாக்கெட்டில் வரும் உலர் தீனி, வைத்தால் மறுநாளே லூஸ் மோஷன். அங்கே பெல்லட்தான் என்றால் பத்து நாள் முன்பிருந்தே வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். நாலைந்து நாள் விடப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாருங்கள். துவைக்காத உங்கள் பனியன் ஒன்றையும் போட்டு அனுப்பலாம், சிரிக்க மாட்டேன்.

திரும்பி வந்த அன்று நிறையத் தண்ணீர் குடிக்கும், மறுநாள் முழுக்கத் தூங்கும், அது களைப்பு. இரண்டு, மூன்று வாரம் கவனித்துக்கொண்டே இருங்கள், உண்ணிக் காய்ச்சல் தாமதமாகத்தான் தலைகாட்டும். சாப்பாட்டை மோந்துவிட்டு விலகினால், மூக்கில் ரத்தம் கசிந்தால் அன்றே அழைத்து வாருங்கள். வந்த ராத்திரியே காது மடலுக்குள், கழுத்து பெல்ட்டுக்கு அடியில், கால்விரல் இடுக்குகளில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மிளகு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் கையால் நசுக்க வேண்டாம்.