குட்டி ஏரியில் பெரிய மீன் ஏன் சிக்குவதில்லை?

வடக்கு மினசோட்டாவில் மீன்வள ஆய்வு என் தொழில். அது தெரிந்ததும் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "நாங்க கேபின் எடுத்திருக்கிற ஏரியில் மீன் இருக்கா?" என்பதுதான். இருக்கும். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளே 11,842 இருக்கிற மாநிலம் இது. நூறு, இருநூறு ஏக்கர் பரப்பும் பன்னிரண்டு, பதினைந்து அடி ஆழமும் உள்ள ஒரு சின்ன ஏரியில் தூண்டில் போட்டால் நாள் முழுக்கக் கடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மாட்டுவதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற புளூகில்லும், ஒல்லியான நார்தர்ன் பைக்கும்தான். இந்த ஒல்லிப் பைக்குகளை உள்ளூர்க்காரர்கள் "ஹாமர் ஹேண்டில்" (சுத்தியல் பிடி) என்று கேலி செய்வார்கள்.

போய்விட்டு வந்தவர்கள் அடுத்துக் கேட்பது, "அரசாங்கம் மீன்குஞ்சு விட வேண்டாமா?" ஏரிக்கரையில் வீடு வாங்கியவர்கள் சங்கக் கூட்டங்களிலும் இதையே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மாதிரி ஏரிகளில் குஞ்சு விடுவதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். இங்கே மீன்களின் எண்ணிக்கைக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை, அளவுக்குத்தான் பஞ்சம். அந்த அளவைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஒன்று குளிர்காலம், இன்னொன்று நாம் எந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்பது.

குளிர்காலத்தை முதலில் பார்ப்போம். நவம்பர் கடைசியில் மூடுகிற பனிக்கட்டி ஏப்ரல் பாதிக்கு மேல்தான் விலகும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும். 25 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் பிடித்துவைத்தால், உறைநிலையில் உள்ள நீர் 14 மில்லிகிராமுக்கு மேல் பிடித்துவைக்கும். அதனால் உறைகிற நேரத்தில் கையிருப்பு தாராளமாகவே இருக்கும். பனிக்கட்டி மூடியதும் காற்றோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்புறம் பழைய கையிருப்பும், கட்டிக்கடியில் வெளிச்சம் விழுந்தால் தாவரங்கள் உண்டாக்குகிற கொஞ்சமும்தான். மேலே கனமாகப் பனி விழுந்துவிட்டால் அந்த வெளிச்சமும் இல்லை. கோடையில் அடர்ந்து வளர்ந்த பாசியும் கொடியும் அடியில் அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடுகின்றன. ஆழமான ஏரியில் நீர் நிறைய, அழுகும் பொருள் அதன் விகிதத்தில் குறைவு. ஆழமில்லாத ஏரியில் கணக்கு தலைகீழ். பிப்ரவரியில் பனியைத் துளைத்துக் கருவியை இறக்கினால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே காட்டுகிற ஏரிகள் உண்டு. அங்கே மீன்கள் சாகத் தொடங்கியிருக்கும்.

எல்லா மீனும் ஒரே நேரத்தில் சாவதில்லை. புளூகில், லார்ஜ்மவுத் பாஸ், வால்ஐ போன்றவை முதலில் போகும். மஞ்சள் பெர்ச்சும் பைக்கும் இன்னும் கொஞ்சம் தாங்கும். கெளுத்தி இனத்தைச் சேர்ந்த புல்ஹெட் கடைசிவரை பிழைத்துக் கிடக்கும். மட்மினோ என்கிற சின்ன மீன், கட்டிக்கடியில் சிக்கிய காற்றுக்குமிழிகளைத் தேடிப் போய் விழுங்கியே உயிர் பிழைத்துவிடும். நம்மூர் விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற அதே உத்தி.

இந்த வரிசை தெரிந்திருந்தால் வசந்தத்தில் ஒரு பதற்றம் மிச்சமாகும். பனி விலகியதும் கரையோரம் செத்த மீன்கள் ஒதுங்கும். உடனே "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று பேச்சு கிளம்பும். ஒதுங்கியவற்றில் புளூகில்லும் பாஸும் அதிகமாக இருந்து, புல்ஹெட் உயிரோடு திரிந்தால் அநேகமாக அது குளிர்காலச் சாவுதான். மாறாக, நடுக்கோடையில் எல்லா வகை மீனும் ஒரே நாளில் மிதந்தால் தயங்காமல் அவசரப் புகார்களை வாங்கிக்கொள்கிற மாநில டியூட்டி ஆஃபீசருக்குச் சொல்லிவிடுங்கள். குளிர்காலத்திலும் முன்னறிகுறி உண்டு. பனியில் துளை போட்டதும் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது, நீர்ப்பூச்சிகளும் பொடிமீன்களும் துளையை நோக்கி முண்டியடித்துக்கொண்டு வருவது, இரண்டுமே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருப்பதைச் சொல்கின்றன.

இதைத் தடுக்கக் காற்றூட்டும் கருவி வைக்கலாம். ஆனால் அது ஏரி முழுவதையும் காப்பாற்றாது. ஒரு மூலையில் மீன்கள் ஒதுங்கிப் பிழைக்க இடம் செய்து தரும், அவ்வளவுதான். குமிழி விடுகிற வகையை ஆக்சிஜன் ஏற்கெனவே தீர்ந்த பிறகு ஓட்டினால் அடிச்சேறு கலங்கி மிச்சம் இருப்பதும் போய்விடும். போன பிறகு ஓட்டிவிட்டு, "கருவி வேலை செய்யலை" என்று குறை சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இதற்கு இயற்கைவளத் துறையின் அனுமதி வேண்டும், திறந்த நீரைச் சுற்றி மெல்லிய பனி என்று எச்சரிக்கைப் பலகைகளும் வைக்க வேண்டும். பனிமேல் நடக்கவே குறைந்தது நான்கு அங்குல நல்ல கட்டி தேவை என்பது இங்குள்ள பாலபாடம். கருவி ஓடுகிற ஏரியில் அந்தக் கணக்கையும் நம்பிவிடக் கூடாது.

பாதி மீன்கள் செத்த ஏரி அப்படியொன்றும் கெட்டுப்போன ஏரி கிடையாது. பிழைத்தவற்றுக்குச் சாப்பாடு நிறைய, போட்டி குறைவு. இரண்டு மூன்று வருடத்தில் அங்கே நல்ல பருமனான பெர்ச்சும் பைக்கும் கிடைப்பதுண்டு. அடிக்கடி முழுக்கச் சாகிற ஏரிகளுக்கும் ஒரு பயன் இருக்கிறது. குஞ்சுகளைத் தின்னும் மீன்கள் இல்லாததால், துறை அங்கே வசந்தத்தில் பொரித்த வால்ஐ குஞ்சுகளை விட்டு, இலையுதிர்காலத்தில் விரல் நீளத்துக்கு வளர்ந்ததும் வலை வைத்துப் பிடித்து வேறு ஏரிகளுக்குக் கொண்டுபோகும். மீனே இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய ஏரி, பக்கத்து ஏரியின் மீன்பண்ணையாக இருக்கலாம்.

சரி, பைக் ஏன் ஒல்லியாகவே இருக்கிறது? பனி விலகியவுடன், மற்ற மீன்களுக்கெல்லாம் முன்னால், வெள்ளம் ஏறிய புல்வெளியில் பைக் முட்டையிடும். ஆழமில்லாத ஏரியில் அப்படிப்பட்ட இடத்துக்குக் குறைவே இல்லை. குஞ்சுகள் பெருகிப் பெர்ச்சைத் தின்று தீர்க்கும், தின்ன ஆள் அதிகமானதால் எல்லாமே மெலிந்து போகும். பெரிய பைக்குக்குக் கோடையில் குளிர்ந்த ஆழம் தேவை. அடிவரை சூடாகிவிடுகிற ஏரியில் அது இளைத்துத்தான் கிடக்கும். இந்த நிலையில் இன்னும் பைக் குஞ்சு விடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. மினசோட்டாவின் ஹார்ஸ்ஷூ ஏரியில் பைக் விட்டுப் பார்த்த ஆய்விலும் பெர்ச் எண்ணிக்கை சரிந்ததுதான் மிச்சம்.

2018-இல் கொண்டுவந்த மண்டல விதிகள் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டவை. வட மத்திய மண்டலத்தில் ஒருவர் பத்து பைக் வரை வைத்துக்கொள்ளலாம். 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளதைக் கட்டாயம் திருப்பி விட வேண்டும். 26-க்கு மேல் இரண்டுக்கு மிஞ்சக் கூடாது. பொடிசுகளை எடுத்துக்கொண்டு, நடுத்தரமானவற்றை வளர விடு என்பதுதான் இதன் பொருள். ஆனால் கரையில் நடப்பது என்னவோ நேரெதிர். சின்னதைப் பாவம் என்று விட்டுவிடுகிறார்கள், பெரிதைப் படம் எடுத்துக் கூலரில் போடுகிறார்கள். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த வருடத்தின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பாருங்கள்.

புளூகில்லில்தான் நாம் செய்கிற சேதம் அதிகம், அதுவும் தெரியாமலே. நீர் சூடேறியதும், மே கடைசியிலும் ஜூனிலும், பெரிய ஆண் மீன்கள் ஆழமில்லாத மணலில் பக்கத்துப் பக்கத்தில் வட்டக் குழிகள் தோண்டும். பெண் முட்டையிட்டுப் போனதும், ஆண் நகராமல் நின்று துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். எது கிட்டே வந்தாலும் பாயும். தூண்டில் வந்தாலும் பாயும். ஒரு படகு அந்தக் குழிக்கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால், ஏரியின் மிகப் பெரிய ஆண்களை ஒரே மதியத்தில் அள்ளிவிடலாம்.

முட்டைகள் பறிபோவதைவிடப் பெரிய நஷ்டம் அதற்கப்புறம் வருகிறது. பெரிய ஆண்கள் இருக்கும்வரை சின்ன ஆண்களுக்குக் குழி கிடைப்பது கஷ்டம், அதனால் அவை பருவத்துக்கு வருவதைத் தள்ளிப்போட்டு வளர்ந்துகொண்டிருக்கும். பெரியவை போய்விட்டால் நான்கைந்து அங்குலத்திலேயே பருவத்துக்கு வந்து, வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தியை இனப்பெருக்கத்தில் செலவழித்துவிடும். அதோடு அந்த மீனின் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்தது. வடக்கில் எட்டு அங்குலப் புளூகில் ஒன்று உருவாகப் பல ஏரிகளில் எட்டு வருடம்கூட ஆகிவிடும். ஒரு கோடையில் எடுத்ததை மறுகோடையில் திரும்பப் பெற முடியாது. புளூகில்லும் சேர்ந்த சன்ஃபிஷ் இனத்துக்கு மாநில அளவில் வரம்பு ஒரு ஆளுக்கு 20 என்றாலும், நல்ல அளவு இன்னும் மிஞ்சியிருக்கிற ஏரிகளில் 5, 10 என்று குறைத்துக்கொண்டு வருவது இதனால்தான். என் சொந்த விதி இன்னும் சுலபம்: ஆறு, ஏழு அங்குலத்தில் சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வேன், குழிமேல் நிற்கிற பெரிய ஆணைத் தொட மாட்டேன்.

ஏரியைத் தேர்ந்தெடுக்கும் முன் துறையின் லேக்ஃபைண்டர் தளத்தில் ஆய்வறிக்கையைப் பார்க்கலாம், இலவசம்தான். படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இரவு முழுக்க நிற்கிற செவுள்வலையில் பைக், பெர்ச், வால்ஐ நன்றாக விழும். கரையோரப் பொறிவலையில் சன்ஃபிஷும் கிராப்பியும் விழும். லார்ஜ்மவுத் பாஸ் இரண்டிலுமே சரியாக விழாது, அதை வசந்த இரவுகளில் மின்சாரம் பாய்ச்சி மயக்கித்தான் கணக்கெடுப்போம். ஆகவே வலைக்கணக்கில் பாஸ் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஏரியில் பாஸே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு நீளப் பட்டியலைப் பாருங்கள். ஒரு வலைக்கு நூறு புளூகில் விழுந்து, ஆறு அங்குலத்தைத் தாண்டியது ஒன்றிரண்டுதான் என்றால் அங்கே குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு, உங்கள் சட்டிக்கு ஒன்றும் தேறாது. வலைக்குப் பத்தே விழுந்து பாதி ஏழு அங்குலத்துக்கு மேல் இருந்தால், அந்த ஏரியைப் பற்றி வெளியே அதிகம் பேசாதீர்கள்.

நீர்ச்செடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேபின் வாங்கியதும் பலர் முதலில் செய்ய நினைப்பது முன்னால் உள்ள கோரையைப் பிடுங்குவது. ஆழமில்லாத ஏரிகளுக்கு இரண்டே முகங்கள். செடி நிறைந்த தெளிந்த நீர் ஒன்று, செடியில்லாமல் பச்சையாகக் கலங்கிய நீர் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சரிந்துவிட்டால் திரும்புவது பெரும்பாடு. சுமார் 4,000 ஏக்கரில் பரந்திருக்கிற, ஆழமே இல்லாத கிறிஸ்டினா ஏரியைத் தெளியவைக்க 1965, 1987, 2003 என்று மூன்று முறை, சேற்றைக் கிளறி நீரைக் கலக்குகிற மீன்களையே மருந்து வைத்து ஒழிக்க வேண்டியிருந்தது. தெளிந்த நீர் சில வருடங்களில் மறுபடி கலங்கியது. உங்கள் கரையின் கோரையைப் பிடுங்க அனுமதி வாங்க வேண்டும் என்பதில் இவ்வளவு கதை இருக்கிறது. மிஞ்சிய இரைமீனை ஏரியில் கொட்டாதீர்கள், அது சட்டத்துக்கும் விரோதம். படகைக் கரையேற்றியதும், வீட்டுக்குக் கிளம்பும் முன் வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை வெளியேற்றிவிடுங்கள்.

எப்போது போகலாம்? இந்த ஏரிகள் சீக்கிரம் சூடேறுவதால், பெரிய ஏரிகள் இன்னும் விறைத்துக் கிடக்கும் மே தொடக்கத்தில் வடக்குக் கரை விரிகுடாக்களில் கிராப்பி ஒதுங்கியிருக்கும். பைக்குக்கும் வால்ஐக்கும் சீசன் மே நடுவில்தான் திறக்கும், கிராப்பிக்கும் சன்ஃபிஷுக்கும் வருடம் முழுவதும் அனுமதி. ஜூலை, ஆகஸ்டில் கொடி மண்டிவிடும், விடியற்காலை மட்டும் பார்க்கலாம். டிசம்பரின் புதுப்பனிதான் என் தேர்வு. ஆக்சிஜன் நிறைவாக இருக்கும், மீன் சுறுசுறுப்பாக இருக்கும். பிப்ரவரியில் அதே துளையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் ஒன்றும் அசையாமல் போகலாம்.

சின்ன பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "ஐயோ, முள்" என்கிறார்கள். கவை போட்ட முள் வரிசை ஒன்று இருப்பது உண்மை. முள் மீன் சாப்பிட்டு வளர்ந்த நம்மைப் போன்றவர்கள் அதற்குப் பயப்படலாமா? சதையில் கத்தியால் நெருக்கமாகக் கீறிவிட்டு, மசாலா தடவி மொறுமொறுவென்று பொரித்தால் முள் தெரியாது. பாதரசம் வயதான பெரிய மீன்களில்தான் அதிகம் சேரும். கருத்தரிக்கும் வயதுப் பெண்களும் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் 30 அங்குலத்துக்கு மேற்பட்ட பைக்கைச் சாப்பிடவே வேண்டாம், சின்ன பைக்கை மாதத்துக்கு ஒரு வேளையும் சன்ஃபிஷ், கிராப்பி, பெர்ச்சை வாரத்துக்கு ஒரு வேளையும் சாப்பிடலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்கிறது.