மெதுவாகப் போய் வேகமாகத் திரும்பும் ரேம்

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்த ஷேப்பிங் மெஷினை (இரும்பைச் சீவிச் சமமாக்கும் ஷேப்பர்) வாங்கி, கார் ஷெட்டில் இறக்கி, ஐந்து மாதம் துரு எடுத்து, வேறொரு மோட்டார் மாட்டி ஓட்டிப் பார்த்தாராம். டூலைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் கனமான இரும்புப் பகுதிதான் ரேம். “ரேம் முன்னால் போகும்போது நிதானமாகப் போகிறது. திரும்பும்போது விருட்டென்று வருகிறது. கியரில் பல் போயிருக்கும், பிரித்துப் பாருங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பிரிக்கட்டுமா?”

பிரிக்க வேண்டாம். உங்கள் மெஷின் நன்றாக இருக்கிறது. அது அப்படித்தான் ஓட வேண்டும்.

லேத்தில் பொருள் சுற்றும், டூல் நிற்கும். ஷேப்பரில் பொருள் வைஸில் அசையாமல் இருக்கும். ரேமின் மூக்கில் மாட்டிய ஒற்றை டூல், ஆசாரியின் இழைப்புளி போல நேராகப் போய் ஒரு சுருள் சீவிவிட்டுத் திரும்பும். ஜேம்ஸ் நாஸ்மித் 1836-இல் வடிவமைத்த ஷேப்பருக்கு ‘எஃகுக் கை’ என்றே பெயர். முன்னால் போகும்போதுதான் இந்தக் கை வேலை செய்கிறது. திரும்பும்போது டூல் மாட்டிய கிளாப்பர் கீல்போல மடங்கித் தூக்கிக்கொள்ள, டூல் சும்மா உரசிக்கொண்டு வரும். வெட்டாத அந்த நேரம் வீண். அதைக் குறைக்கத்தான் உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய பல்சக்கரம் ஒன்று தெரியும். பட்டறையில் புல் கியர் என்பார்கள். அதன் முகத்தில், மையத்திலிருந்து தள்ளி ஒரு பின், அதாவது இரும்பு முளை. பின்னைச் சுற்றி ஒரு சின்னக் கட்டை. அந்தக் கட்டை ஒரு நீளமான இரும்புக் கையின் நடுவே வெட்டிய பிளவுக்குள் மேலும் கீழும் வழுக்கும். ராக்கர் எனப்படும் இந்தக் கையின் அடிமுனை மெஷினின் அடியில் ஓர் அச்சில் நிற்கிறது. மேல்முனை ரேமைப் பிடித்திருக்கிறது. புல் கியர் சீராகச் சுற்ற, ராக்கர் இடமும் வலமும் ஆட, ரேம் போய்வருகிறது.

சீராகச் சுற்றுவதிலிருந்து சீரில்லாத ஓட்டம் எப்படி வந்தது? வீட்டுக் கதவிடம் போங்கள். கைப்பிடி அருகே ஒரு சாண் தள்ளினால் கதவு கொஞ்சம்தான் திறக்கும். கீலை ஒட்டி அதே ஒரு சாண் தள்ளினால் அகலத் திறந்துவிடும், ஆனால் கை வலிக்கும். ராக்கர்தான் அந்தக் கதவு, அடியில் இருக்கும் அச்சு கீல், அந்தப் பின்தான் உங்கள் கை. அந்தப் பின் வட்டத்தின் மேல்பாதியில் போகும்போது கீலிலிருந்து தள்ளி நின்று தள்ளுகிறது. ராக்கர் மெதுவாக, பலமாக நகர்கிறது. அப்போதுதான் டூல் வெட்டுகிறது. அந்தப் பின் கீழே இறங்கிக் கீலுக்குக் கிட்டே வந்ததும் அதே வேகம் ராக்கரை வீசி அடிக்கிறது. அப்போது டூலுக்கு வெட்டும் வேலை இல்லை. பலம் தேவைப்படும் இடத்தில் பலம், வேகம் தேவைப்படும் இடத்தில் வேகம். ஒரு பின்னும் ஒரு பிளவும் இதைச் செய்கின்றன என்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

என் மெஷினில் அளந்த கணக்கு இது. கீழ் அச்சிலிருந்து புல் கியர் மையம் 250 மி.மீ. மையத்திலிருந்து பின் 75 மி.மீ. ராக்கரின் நீளம் 500. ரேம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 300 மி.மீ. வருகிறது. ராக்கர் இரு பக்கமும் கடைசி வரை சாய்ந்து நிற்கும் நேரங்களில், அது பின் சுற்றும் வட்டத்துக்குத் தொடுகோடாக இருக்கும். அந்த இரண்டு தொடுபுள்ளிகளும் மையத்துக்குச் சற்றுக் கீழே விழுவதால் மேல் வில் பெரிது, கீழ் வில் சிறிது. 75-ஐ 250-ஆல் வகுத்தால் 0.3. அந்தக் கோசைனுக்குரிய கோணம் 72.5 டிகிரி. இரட்டித்தால் திரும்புவதற்கு 145 டிகிரி, வெட்டுக்கு மீதி 215. நிமிடத்துக்கு 30 முறை போய்வரும்படி ஓட்டினால் போக 1.2 விநாடி, வர 0.8 விநாடி. நடுவழியில் வித்தியாசம் இன்னும் அதிகம்: மேலே பின் கீலிலிருந்து 325 மி.மீ. தள்ளி, கீழே 175. ஆக, திரும்பும் வேகம் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 1.9 மடங்கு.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பின்னை மையத்துக்கு நெருக்கி 25 மி.மீ. வையுங்கள். ஸ்ட்ரோக் 100 ஆகும், கோணங்கள் 191, 169 என்று கிட்டத்தட்டச் சமமாகிவிடும். நீளமாக ஓட்டும்போது விருட்டென்று வந்த அதே ரேம், சின்ன வேலையில் ஒரே தாளத்தில் போய்வரும். பல் போன கியர் ஸ்ட்ரோக் நீளத்தைப் பார்த்து ஒழுங்காகிவிடுமா என்ன?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் மெஷினுக்கு மூன்று பேஸ் மோட்டார் மாட்டிய முதல் வாரம் டூல் முனை உடைந்துகொண்டே இருந்தது. டூலைக் குறை சொன்னேன், சாணை பிடித்த கோணத்தைக் குறை சொன்னேன். உண்மையில் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பின் கீழ் வில்லில் போகும்போது வெட்டு, மேல் வில்லில் திரும்பல். ரேம் வேகமாக வெட்டி, மெதுவாகத் திரும்பியது. இதில் ஏமாற்றுவது ஃபீடுதான், அதாவது ஒவ்வொரு வெட்டுக்கும் பொருள் இருக்கும் டேபிளைச் சற்றே நகர்த்தும் ஏற்பாடு. திசை மாறினால் ரேமின் ஓட்டமும் டேபிளை நகர்த்தும் ராட்செட் நாக்கின் ஓட்டமும் சேர்ந்தே தலைகீழாகும். அதனால் டேபிள் வழக்கம்போல, ரேம் திரும்பும்போதே நகரும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மெயினை நிறுத்திவிட்டு இரண்டு பேஸை மாற்றி மாட்டினேன், முனை உடைவது அன்றோடு நின்றது. ஒற்றை பேஸ் மோட்டாரானால் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளை மாற்ற வேண்டும். உங்களுடையது மெதுவாகப் போய் வேகமாகத் திரும்புகிறது, ஆக திசை சரி.

முனை உடைந்த அந்த வாரத்தில் “ராசியில்லாத மெஷின், எலுமிச்சம்பழம் அறுத்து வை” என்றார்கள். எலுமிச்சைச் சாறு வார்ப்பிரும்பில் பட்டால் துருதான் பிடிக்கும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வையுங்கள், நானும் வைக்கிறேன். ஆனால் மெஷினின் உடம்பில் மட்டும். விபூதியும் குங்குமமும் ரேம் வழுக்கும் தடத்தில் விழுந்தால் எண்ணெயோடு குழைந்து, வருடம் முழுக்க அந்தத் தடத்தைத் தேய்க்கும். கையால் சுரண்டிச் சமமாக்கிய தடம் அது. தேய்ந்தால் மறுபடி சுரண்ட ஆள் கிடைப்பது கஷ்டம்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பயிற்சிக்கூடங்களில் ஷேப்பரை ஏலத்தில் தள்ளிவிட்டு, அதே பொறியமைப்பைத் திரையில் அனிமேஷனாகக் காட்டுகிறார்கள். கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினுக்குச் செலவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடியைக் கழற்றிய ஒரே ஒரு ஷேப்பரையாவது எண்ணெய் போட்டு மூலையில் வைத்திருங்கள். புல் கியரைக் கையால் உருட்டிப் பார்த்த மாணவனுக்குத் தொடுகோடு மறக்காது.

இனி நீங்கள் பார்க்க வேண்டியவை. கிளாப்பர் தன் எடையிலேயே ‘டக்’கென்று விழ வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது அதன் இடுக்கில் வழிந்திருந்தால் சுரண்டி எடுங்கள், ஒட்டிக்கொண்டால் டூல் திரும்பும்போது தூக்காது. ரேமின் பக்கத்தில் ஆட்டத்தைக் குறைக்கும் தகடான ஜிப்பின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் புல் கியரைக் கையால் ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். தடம் நடுவில் அதிகம் தேய்ந்திருக்கும், அங்கே சரியாக இருந்தால் ஓரத்தில் பிடிக்கும். எண்ணெய்த் துளைகளில் பழைய கிரீஸ் கல்லாகியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கம்பியால் குத்தி எடுங்கள், முக்கியமாக ராக்கரின் அடி அச்சுக்குப் போகும் துளையை. கார் ஷெட் என்கிறீர்களே, ரேமின் வால் பின்பக்கம் வெளியே வரும், அதுவும் வேகமான ஓட்டத்தில். சுவருக்கும் அதற்கும் நடுவே யாரும் போக முடியாதபடி ஒரு கம்பித் தடுப்பு போட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

பிறகு புல் கியரில் சாக்பீஸால் கோடு போட்டு, ரேம் இரு முனைகளிலும் நிற்கும் இடங்களைக் குறித்துக் கோணத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். உங்கள் மெஷினின் எண்கள் எனக்கும் வேண்டும்.