பெக்கா பி40: ரத்தம் கொடுத்தால் மட்டும் போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் அரசாங்க உதவிக்கான பாரம் (படிவம்) எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லை" என்பார்கள். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்கள்தான் முன்னால்.

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40 இதற்காகத்தான் 2019இல் வந்தது. எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி (பழைய பிரிம் என்றால் எல்லாருக்கும் புரியும்) பெறுகிறவருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும், 40 வயது ஆகியிருந்தால், பரிசோதனை இலவசம். தனியாகப் பதிய வேண்டியதில்லை. "பதிந்து தருகிறேன், 50 வெள்ளி கொடு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். மகன் பெயரில் எஸ்டிஆர் வருகிறது, அம்மா அதே வீட்டில் இருக்கிறார் என்றால் அம்மாவுக்கு இதில் இடமில்லை. கணவன் மனைவிக்கு மட்டும்தான் கணக்கு. அம்மா தன் பெயரிலேயே எஸ்டிஆர் கேட்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாமல் விட்டவர்களின் துணைக்குப் பெயர் ஏறாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் சிவப்பு ஐசிக்குக் (அடையாள அட்டைக்கு) கிடையாது. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து பால்மரம் வெட்டியவராக இருந்தாலும் அதே பதில்தான். கேட்டால் கோபம் வரும், ஆனால் கவுண்டரில் கோபம் எடுபடாது.

கிளினிக்குக்குப் போகும் முன் பெக்கா பி40 இணையத்தளத்தில் ஐசி எண்ணைப் போட்டுத் தகுதியைப் பாருங்கள். திரையைப் படம் பிடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் பெயர் இல்லை" என்று கவுண்டரில் சொன்னால் அதைக் காட்டலாம். திட்டத்தில் சேர்ந்த கிளினிக்தானா, சாப்பிடாமல் வர வேண்டுமா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வைட்டமின் பாட்டிலை மேசையில் வைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், இரண்டாவது முறையும் போக வேண்டும். ரிசல்ட்டை டாக்டர் அப்போதுதான் விளக்குவார். நான் பார்த்தவர்களில் பலர் ரத்தம் கொடுத்ததோடு நின்றுவிடுகிறார்கள். கிளினிக்கும் கூப்பிடுவதில்லை, இவர்களும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்துக் கால் புண்ணோடு வருகிறார்கள். ரத்தம் எடுக்கும் அன்றே அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிசல்ட் தாளுக்கு ஒரு நகலும் கேளுங்கள்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், இருதய ஸ்டென்ட் போன்றவற்றுக்கு 20,000 வெள்ளி வரை இந்தத் திட்டத்திலேயே உதவி உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சொல்ல வேண்டும், விண்ணப்பமும் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும். எங்கள் தெரு அக்கா ஒருவர் சங்கிலியை அடகு வைத்து லென்ஸ் வாங்கிவிட்டு, பிறகு ரசீதோடு அலைந்தார். ஒரு காசு திரும்பவில்லை. ஒப்புதல் கையில் வரும்வரை எதையும் வாங்காதீர்கள். பெக்கா அதிகாரி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தாதியிடம் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை கிடைக்கும். ஆனால் அது இந்தக் கருவி உதவிக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ போகிறவர்களுக்குத்தான். பரிசோதனைக்குப் போய்வந்த டாக்ஸிக் காசை அதில் கேட்க முடியாது.