முதல் மாதம் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் ஜிம்மில் டம்பெல் ரேக்குக்கு முன்னால் ஆள் நிற்கும். பிப்ரவரி பாதியில் அதே ரேக்கை நான்தான் தூசி தட்டுவேன். பதினைந்து வருஷமாக இதே கதை. சோம்பலில் நின்றவர்களைவிட, முதல் வாரமே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடப் பார்த்து, உடம்பு நொந்து நின்றவர்கள்தான் என் கணக்கில் அதிகம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்த ரகம்தான்.

19 வயதில், 54 கிலோ உடம்போடு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தேகப்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு அனுமார் படம், துருவேறிய பிளேட்டுகள், மூலையில் இரண்டு கர்லாக்கட்டை. மாஸ்டர் முதல் மாதம் தண்டால், பஸ்கி, வெறும் பார் தவிர வேறு எதையும் தொட விடவில்லை. “எப்ப மாஸ்டர் வெயிட் போடுறது?” என்று தினமும் கேட்பேன். “அந்தக் கம்பியே இருபது கிலோடா, முதல்ல அதை ஒழுங்காத் தூக்கு” என்பார்.

மூன்றாவது மாதம், அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்டுக்கு 80 கிலோ ஏற்றினேன். முதல் தடவை வந்துவிட்டது. இரண்டாவது தடவை பாதி தூக்கும்போதே முதுகு வளைந்தது தெரிந்தது. கீழே போட மானம் விடவில்லை. இடுப்பில் சுருக்கென்றது, அவ்வளவுதான். அடுத்த நான்கு மாதம் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. அம்மாதான் கட்டிவிட்டார்.

அப்போது எனக்குச் சிகிச்சை கொடுத்த பிசியோதெரபிஸ்ட் ஓர் ஒட்டடைக் கம்பை என் முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். பின்னந்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு என்று மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியிருக்க வேண்டும். அப்படியே பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓர் இடம் விலகினாலும் முதுகு வளைகிறது என்று அர்த்தம். கேட்கச் சுலபம். எனக்குச் சரியாக வர ஒன்பது நாள் ஆனது. இன்றைக்கும் என்னிடம் சேர்பவர்களுக்கு முதல் நாள் கையில் கிடைப்பது டம்பெல் இல்லை, அந்தக் கம்புதான்.

அந்த மூன்றாவது மாதத்தில் நான் செய்த தப்பு என்ன என்பது பின்னால்தான் புரிந்தது. ஆரம்ப வாரங்களில் பலம் மளமளவென்று கூடும். சதை வளர்ந்துவிட்டதால் வருவது இல்லை அது; இருக்கிற சதையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்கின்றன. ஆனால் எலும்போடு சதையைப் பிணைக்கும் தசைநாண்கள் உறுதிப்பட இன்னும் பல மாதம் வேண்டும். அதனால் ‘இந்த வெயிட் லேசா இருக்கே’ என்று தோன்றுகிற இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் நான் ஆட்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பேன்.

வலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தணிகிற வலி சாதாரணம். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று ஜிம்மில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலைந்துவிடும். வலிக்குக் காரணம் சதை இழைகளில் விழும் நுண்ணிய காயங்கள். சில வருஷத்துக்கு முன் ஓர் ஐடி பையன், யாரோ போட்ட சவாலுக்கு ஒரே நாளில் 300 பஸ்கி எடுத்துவிட்டு வந்தான். தொடை வீங்கியிருந்தது, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்றான். பேச்சே இல்லாமல் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினேன். சதை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை அது. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏறியது. சிறுநீர் அப்படிக் கறுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், கம்போடு குனிவது, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கி நடப்பது. இன்னும் இரண்டு மூன்று தடவை முடியும் என்கிறபோதே நிறுத்திவிடுங்கள். தம் கட்டித் தூக்காதீர்கள். மற்ற நாட்களில் நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. நாற்பதைத் தாண்டியவர்கள், பிபி, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டில் நம் சிக்கல் புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஒரு நாளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம்; 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். வெயிட் தூக்குகிறவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். நான்கு இட்லியும் தண்ணி சாம்பாரும் அதில் பாதிக்கும் வராது. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், 50 கிராம் சோயா உருண்டையில் 25 கிராம், சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இதற்குமேல்தான் பவுடரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஊசி பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் நான் கோபமாகத்தான் பதில் சொல்வேன். ஸ்டீராய்டு ஏற ஏற உடம்பு சொந்தமாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைத்துவிடும், விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயச் சுவர் தடிக்கும். கல்யாணத்துக்கு உடம்பு ஏற்றுகிறேன் என்று வருபவனுக்கு இதைவிடப் பெரிய கேலி உண்டா?

இப்போது என்னிடம் 58 வயது அம்மா ஒருவர் வருகிறார், முட்டி வலி. முதல் நாள் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, உட்கார்ந்து எழச் சொன்னேன். மூன்றாவது மாதம் ஒரு தலையணை குறைந்தது. “அந்த இன்னொண்ண எப்ப எடுப்பீங்க தம்பி?” என்று போன வாரம் கேட்டார். “அடுத்த மாசம் பார்க்கலாம்மா” என்றேன். முறைத்தார்.