முதலில் மேல்கூட்டைக் கழற்றிப் பாருங்கள்

மாடல் ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதும், கேட்பவர்களுக்கு நுண்பாகங்கள் பொருத்திப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதும் நான் செய்யும் தொழில். சில மாதங்களுக்கு முன் மேசைக்கு வந்த ஒரு டீசல் எஞ்சின் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. 1:160 விகிதத்தில், ‘என்’ ஸ்கேலில் செய்த ஆறு அச்சு எஞ்சின். அதன் சொந்தக்காரர் நான்கு மாத இரவுகளை அதில் போட்டிருந்தார். பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த தடித்த கைப்பிடிகளைச் சீவிவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்திருந்தார். கூரை விசிறிகளின் மேல் சல்லடைத் தகடுகள். புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிந்திருந்த விதம் அச்சு அசல். “ஓடும்போது லேசாகத் திக்குகிறது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மேல்கூடு கழறவே இல்லை. பக்கவாட்டில் ஒரு சிறு புடைப்பு தெரிந்தது. பிளாஸ்டிக் வெயிலில் வளைந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். பாதி நாள் பொறுமையாக நெம்பி எடுத்தபோது, உள்ளே இருந்த உலோக அடிச்சட்டத்தின் மூலை காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. அந்த நான்கு மாத உழைப்பும் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருந்த ஒரு சட்டத்தின் மேல் நடந்திருக்கிறது. ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கித் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சின்ன ஸ்கேலில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். 1972இல் வந்த எஸ்டி40-2 என்ற அமெரிக்க டீசல் எஞ்சினின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். 1:160இல் அது 131 மில்லிமீட்டர். ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனமான மார்க்லின் அதே 1972இல் கொண்டுவந்த 1:220 ‘இசட்’ ஸ்கேலில் 95 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குறுகிய உடம்புக்குள் தனியாக எடைக்கட்டி வைக்க இடம் கிடையாது. அதனால் பெரும்பாலான ‘என்’ ஸ்கேல் டீசல்களில் அடிச்சட்டமே எல்லா வேலையையும் செய்கிறது. எஞ்சினுக்கு எடை கொடுப்பது அதுதான், மோட்டாரையும், அதன் சுழற்சியை அச்சுகளுக்குக் கொண்டுபோகும் திருகு வடிவ வார்ம் கியரையும் தாங்குவதும் அதுதான். நீளவாக்கில் இரண்டு பாதியாக வார்த்து, நடுவில் பிளாஸ்டிக் துண்டுகளை வைத்துப் பிரித்திருப்பார்கள். ஒரு பாதி இடது தண்டவாளத்து மின்சாரத்தையும், மறுபாதி வலது தண்டவாளத்து மின்சாரத்தையும் மோட்டாருக்குக் கொண்டுபோகும். ஆகவே சட்டம் அரை மில்லிமீட்டர் வீங்கினாலே போதும்: வார்ம் கியர் இறுகும், மோட்டார் சூடாகும், மேல்கூடு பிளக்கும்.

சட்டம் எதனால் வீங்குகிறது? அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் சிறிதளவு மெக்னீசியமும் செம்பும் சேர்ந்த ஜாமாக் என்ற கலவை 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனத்தில் உருவானது. துத்தநாகம் 99.99 சதவீதம் சுத்தமாக இருந்தால் இந்த வார்ப்பு தலைமுறைகள் தாண்டி நிற்கும். ஈயம், காட்மியம், வெள்ளீயம் இவற்றில் ஏதாவது துளி அதிகமாகக் கலந்துவிட்டால், உலோகத்தின் படிகங்களுக்கு இடையில் அரிப்பு தொடங்குகிறது. சேகரிப்பாளர்கள் இதை ‘ஜிங்க் பெஸ்ட்’ என்பார்கள். பெயரைக் கேட்டு ஏதோ பூச்சி என்றோ தொற்றுநோய் என்றோ சிலர் பயந்து, பாதிக்கப்பட்ட மாடலைத் தனி அறையில் வைக்கிறார்கள். தேவையில்லை, இது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாது. வார்த்த அன்றே குறை உள்ளே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் அதை விரைவாக்குகின்றன, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எபாக்சி பூசினேன், பெயின்ட் அடித்து மூடினேன் என்று நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள். அரிப்பு உள்ளிருந்து நடக்கும்போது வெளிப்பூச்சு எதையும் நிறுத்தாது. நோய் பிடித்த சட்டத்துக்கு மாற்றுச் சட்டம்தான் வழி.

பழைய எஞ்சின் வாங்கும்போது பெட்டியின் அழகில் மயங்காமல், திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். சட்டத்தின் மேல் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா, சமதளத்தில் வைத்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கிறதா, இரண்டு பாதிகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி முழு நீளத்துக்கும் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மேல்கூடு வழக்கத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால் அதுவே எச்சரிக்கை.

அடுத்தது பற்சக்கரம். அச்சின் மேல் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் கியர், ஆண்டுக்கணக்கில் அந்த இறுக்கத்தைத் தாங்கித் தாங்கி ஒருநாள் பிளந்துவிடும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காதைக் கொடுங்கள். சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் கியர் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளந்த கியரில் சக்கரங்கள் அச்சில் நகர்ந்து, 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் பொருந்தாமல் தடம் புரளும். சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா என்று கேட்பார்கள். இந்தக் கியர்களைச் செய்யும் அசிட்டால், நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் பசை நம்பும்படி பிடிக்காது. புதிய கியர் போடுங்கள்.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பகுதி எண்ணெய் குறைந்ததால் வந்தது இல்லை, கூடியதால் வந்தது. துருப்பிடித்த திருகைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரேயை மாடலின் மேல் அடிக்கவே கூடாது, அது எங்கெங்கோ ஊர்ந்து போகும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காது என்று புட்டியில் எழுதியிருக்கும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, தாங்கியில் ஒரு பொட்டு வைத்தால் போதும். மிஞ்சியது மோட்டாருக்குள் போய்க் கரித்தூளோடு சேர்ந்து பசையாகி மின்சாரத்தைக் கெடுக்கும். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தால், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்த பிறகு புதிதாக வையுங்கள்.

சட்டமும் கியரும் நன்றாக இருக்கின்றனவா? சரி, இப்போது அலங்காரத்துக்கு வரலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதல் கருவி அசல் எஞ்சினின் புகைப்படம், அதுவும் நீங்கள் காட்ட நினைக்கும் அதே ஆண்டைச் சேர்ந்தது. ஒரே எண் கொண்ட எஞ்சின்கூடப் பத்து வருடத்தில் ஹார்ன் இடம் மாறி, விளக்கு மாறி, நிறமும் மாறியிருக்கும். இரண்டாவது, கணக்கு. அசலில் 32 மில்லிமீட்டர் பருமனுள்ள கைப்பிடிக் குழாய் 1:160இல் 0.2 மில்லிமீட்டர் கம்பி. அதற்கு 0.3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். மின்டிரில் வேண்டாம், விரல்களுக்கிடையில் உருட்டும் கை டிரில் போதும். துளை போடும் இடத்தில் முதலில் ஊசியால் ஒரு குழி வைத்துக்கொண்டால் டிரில் வழுக்காது.

சூப்பர் குளூவின் ஆவி ஜன்னல் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும். மற்ற ஒட்டு வேலைகளெல்லாம் முடிந்து ஒருநாள் காய்ந்த பிறகே ஜன்னலைப் பொருத்துங்கள், அதுவும் வெள்ளைப் பசை வகையால். எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிய பிறகு மங்கல் வார்னிஷ். இந்த வரிசை மாறினால் எழுத்துக்கடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். அழுக்கு பூசுவதில் கொஞ்சம் குறைவாகவே நிறுத்திவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். கூரையில் கரி, சக்கரங்களைத் தாங்கும் போகிச் சட்டத்தில் பிரேக் தூசியின் பழுப்பு, டீசல் நிரப்பும் வாய்க்குக் கீழே ஒரு கசிவுக் கோடு, இவ்வளவே ஓர் எஞ்சினுக்கு வாழ்ந்த களை கொடுத்துவிடும். அப்புறம், அரிதான பழைய மாடல் பெட்டியோடு முழுதாக இருந்தால் அதில் கத்தி வைக்காதீர்கள். அதே வகையில் அடிபட்ட ஒன்றைத் தேடி அதில் செய்யுங்கள்.

டிஜிட்டல் டீகோடர், அதாவது தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று மோட்டாரை இயக்கும் சிறு மின்சுற்று பொருத்துபவர்களுக்கு ஒன்றே ஒன்று: மின்சாரம் கொடுக்கும் முன், மோட்டாருக்குள் மின்சாரம் செலுத்தும் கரித்துண்டான பிரஷ் எதுவும் சட்டத்தைத் தொடவில்லை என்று மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். தொட்டால் டீகோடர் அந்த நொடியே எரிந்துபோகலாம்.

உங்கள் நுரையீரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் சின்னது, அடிப்பது இரண்டு சொட்டுப் பெயின்ட்தானே என்று மூடிய அறையில் ஏர்பிரஷ் வேலை செய்பவர்கள் நிறைய. லேக்கர் பெயின்ட் என்றால் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும் வேண்டும். சாதாரணத் துணிக் கவசம் ஆவியை நிறுத்தாது. அக்ரிலிக் வாசனை இல்லாமல் இருந்தாலும் அதன் துகள் நெஞ்சுக்குள்தான் போகும். 3டி பிரிண்டரில் எடுத்த ரெசின் பாகங்களை ஈரம் வைத்துத் தேயுங்கள், முழுதாக உறையாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எடை கூட்ட ஈயம் வைத்தால், வெட்டிய மேசையைத் துடைத்துக் கையைக் கழுவுங்கள். அந்த ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து மேல்கூட்டுக்குள் அடைக்கவும் கூடாது. பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து, அது வீங்கிக் கூட்டையே பிளந்துவிடுவதுண்டு. டங்ஸ்டன் தூள் சேர்த்த களிமண் போன்ற எடைப்பொருள் கிடைத்தால் அதுவே நல்லது.

எடுத்து வைப்பதில் கவனிக்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச். பழைய ஸ்பாஞ்ச் பல ஆண்டுகளில் பிசுபிசுவென்று கரைந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். ஓக் மரத்து அலமாரி அழகாக இருக்கும், ஆனால் அந்த மரம் அசிட்டிக் அமில ஆவியை விடும், துத்தநாகத்துக்கும் ஈயத்துக்கும் ஆகாது.

முதலில் சொன்னேனே, அந்த ஆறு அச்சு எஞ்சின். அதே வகையில் மேல்கூடு உடைந்துபோன இன்னொன்றைச் சொந்தக்காரர் தேடிப் பிடித்தார். அதன் சட்டத்தை முழுக்கப் பிரித்து, அளந்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே அவருடைய மேல்கூட்டை அதன்மேல் ஏற்றினேன். கழற்றும்போது இரண்டு கைப்பிடிகள் வளைந்திருந்தன. அவற்றை நான் தொடவில்லை, அவரே வந்து உட்கார்ந்து புதிதாகச் செய்து பொருத்தினார்.